‘பாத்தாச்சு’ என்ற ஒரு வார்த்தை

கோடை விடுமுறைக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவன். வந்த மறுநாள் காலையில் கேட்டேன்.

"தேக்கடிக்குப் போய்ட்டு வருவோமாடா?"

"பாத்தாச்சு தாத்தா. ஃபோர்த் படிக்கிறப்பவே போட்ல போய்ப் பாத்தாச்சு."

"சரி, மேகமலை?"

"யூடியூப்ல பாத்தாச்சு."

"சுருளி?"

"அதுவும் பாத்தாச்சு தாத்தா. ஃபால்ஸ்தானே?"

பையன் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நாம் அவனுக்கு எதைக் காட்டினோமோ அதை அவன் பார்த்து முடித்துவிட்டான். பார்த்து முடித்ததை மறுபடி பார்க்க எவன் வருவான்? ஒரு தடவை படித்த பேப்பரை மறுநாள் எடுத்துப் படிக்கிறோமா?

இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் போன மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் என்றால் எல்லாக் கூட்டத்துக்கும் நாற்காலி நிரப்பக் கூப்பிடுவார்கள். சுற்றுலாவை வளர்ப்பது எப்படி என்று பேச்சு. ஒருவர் செல்ஃபி பாயின்ட் வேண்டும் என்றார். ஒருவர் கண்ணாடிப் பாலம் கேட்டார். இன்னொருவர் மலைப்பாதை முழுக்கக் கலர் லைட் போட்டால் ராத்திரியிலும் ஜனம் வரும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். "வந்தவன் ஏன் திரும்பி வர மாட்டேங்கிறான்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்கலாம் என்று எழுந்தேன். டீ வந்துவிட்டது.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். காட்டுக்கு ஆள் திரும்பி வருவது கண்ணால் இல்லை. காதாலும் மூக்காலும் தோலாலும்தான் வருகிறான். நாம் கண்ணுக்கு மட்டும் கடை விரித்துவிட்டு மற்ற மூன்றையும் நாசம் செய்துகொண்டிருக்கிறோம். இப்படியே போனால் நம் பள்ளத்தாக்கு எல்லோரும் ஒரே ஒரு தடவை வந்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, மறந்துபோகிற இடமாகிவிடும்.

லோயர் கேம்ப்காரனுக்கு இதைச் சொல்லும் உரிமை கொஞ்சம் அதிகம். எங்கள் ஊரில் காதுக்குத்தான் முதல் மரியாதை. பெரியாறு தண்ணீர் மலைக்குள் சுரங்க வழியாக வந்து, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி மின் நிலையத்துக்கு வருகிறது. குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், எத்தனை மெஷின் ஓடுகிறது என்பதை வீட்டுப் பெண்கள் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். ஒரு மெஷின் நின்றால் தூக்கத்திலிருந்து முழித்துக்கொள்வோம். குமுளி ரோட்டில் இருக்கும் இரைச்சல் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குப் போகாத தண்ணீர் அங்கே வந்து விழும்போது போடுகிற சத்தத்தால்தான் அதற்கு அந்தப் பெயர். யாரும் அதற்கு ‘அழகுப் பாலம்’ என்று பேர் வைக்கவில்லை. காதில் கேட்டதைப் பேராக வைத்தார்கள்.

அந்த மலைப்பாதையில் முப்பது வருடம் முன்னால் பஸ்ஸில் ஏறினால், கண்ணை மூடிக்கொண்டே எந்த வளைவில் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அடிவாரத்தில் திராட்சைத் தோட்டத்து மருந்து வாடையும் வயல் சேற்று வாடையும். நாலு வளைவு ஏறினால் காய்ந்த மூங்கில் இலை வாடை. அதற்கு மேல் காற்று சட்டென்று மாறி, முழங்கை மயிர் சிலிர்க்கும். குமுளி வந்துவிட்டது என்று சொல்ல ஏலக்காய் வாசம் இருக்கும். ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஒவ்வொரு தடவையும் அது புதிதாகவே இருந்தது. மழைக்கு முந்தின நாள் ஒரு வாசம், மழை விட்ட மறுநாள் வேறு வாசம். இதை எப்படி ‘பாத்தாச்சு’ என்று சொல்ல முடியும்?

குற்றாலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வருடம் தவறாமல் ஜனம் திரும்பத் திரும்பப் போகிற இடம் அது. சாரல் ஆரம்பித்துவிட்டது என்று பேப்பரில் வந்தால் போதும், வேன் பிடித்துவிடுவார்கள். தாத்தா போன இடத்துக்கு அப்பா போனார், அப்பா போன இடத்துக்கு மகன் போகிறான். "குற்றாலம் பாத்தாச்சு, இனி எதுக்கு?" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "குற்றாலத்துல குளிச்சு ரெண்டு வருசம் ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் தலையில் விழுகிற அடி, முகத்தில் படுகிற சாரல், எண்ணெய் தேய்த்த உடம்பின் வாசம், கரையேறியதும் வருகிற பசி. இதில் கண்ணுக்கு வேலை கொஞ்சம்தான். அருவிக்கு அடியில் நிற்கிறவன் கண்ணை மூடிக்கொண்டுதானே நிற்கிறான்?

ஜப்பான்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1982இல் அந்த நாட்டு வனத்துறை ‘ஷின்ரின் யோகு’ என்று ஒரு பழக்கத்துக்குப் பெயர் வைத்தது. காட்டுக் குளியல் என்று அர்த்தம். தண்ணீரில் குளிப்பதில்லை. காட்டுக்குள் மெதுவாக நடப்பது, நிற்பது, மூச்சை இழுப்பது, காது கொடுப்பது, அவ்வளவுதான். ‘காட்டுப் பார்வை’ என்று பெயர் வைக்காமல் குளியல் என்று வைத்தார்கள். குளியலை எவனும் ஒரு தடவையோடு முடித்துக்கொள்வதில்லை.

ஜப்பானுக்குப் போவானேன்? நம் தொல்காப்பியத்தில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். தொடு உணர்வு ஓரறிவு, நாக்கோடு சேர்ந்து இரண்டு, மூக்கோடு மூன்று. கண் வருவது நான்காவது இடத்தில். அதற்கும் மேலே காது, அப்புறம் மனம். ஆறறிவு உள்ளவன் என்று பெருமை பேசுகிற நாம், காட்டுக்குள் போனதும் மற்ற ஐந்தையும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, நான்காவதை மட்டும் கையில் செல்போனாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.

வாசனைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கண்ணில் பட்டது, காதில் கேட்டது எல்லாம் மூளைக்குள் ஓர் இடைநிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பிரித்து அனுப்பப்படுகிறது. வாசனை அப்படி இல்லாமல் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது என்கிறார்கள். மின்வாரியக்காரன் பாஷையில் சொன்னால், நடுவில் சப் ஸ்டேஷன் இல்லாத லைன். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்து ஒரு வாசம் வந்தாலும் அம்மா ஞாபகம் வந்துவிடுகிறது. உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில், சுட்ட மண்ணை வடித்து, மழை மண் வாசனையையே அத்தராகப் பிடித்து விற்கிறார்கள். வாசனையின் அருமை தெரிந்த வியாபாரிகள். நாமோ ஓசியில் கிடைக்கிற வாசனை மேல் டீசல் புகையை ஊதிக்கொண்டிருக்கிறோம்.

இனி, நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆறேழு கிலோமீட்டர் காட்டு ஏற்றம். வருடத்தில் ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் அனுமதி. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாது, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். மேலே போனால் இருப்பது இடிந்த கற்கோயில். ‘பார்க்க’ என்று கணக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் ஜனம் ஏறுகிறது. முழங்கால் வலிக்காரர்கள்கூடக் கம்பு ஊன்றி ஏறுகிறார்கள். விளம்பரம் உண்டா? செல்ஃபி பாயின்ட் உண்டா? கலர் லைட் உண்டா?

"அது பக்திய்யா, சுற்றுலா இல்லை" என்பீர்கள். பக்திதான், ஒப்புக்கொள்கிறேன். குமுளியிலிருந்து ஜீப்பில் போனாலும் அதே கண்ணகிதான். வசதி இருந்தும் நடந்தே ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். "மேல ஏறுனதும் புல்லுக்காட்டுல ஒரு காத்து அடிக்கும் பாருங்க சார்" என்கிறார்கள். சாமியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னாலேயே காற்றைப் பற்றிச் சொல்கிறார்கள்.

தேக்கடிக்கு வருவோம். படகில் ஏறுகிறோம். என்ஜின் சத்தம், அதற்கு மேல் நம் ஜனத்தின் சத்தம். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கும். 1895இல் அணை முடிந்து தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அந்த மரத்தின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஒரு கூட்டம் விசில் அடிக்கும். தூரத்தில் கரையில் யானை நின்றால் படகே சாய்கிற மாதிரி எழுந்து கத்துவார்கள். யானைக்குக் கண் பார்வை மட்டு. அதற்கு உலகமே மூக்கும் காதும்தான். நாம் ஒரு கிலோமீட்டரில் வரும்போதே நம் வாடையும் கூச்சலும் அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது காட்டுக்குள் நகர்ந்துவிடும். இறங்கி வந்து "ஒண்ணுமே தெரியல சார், காசு வேஸ்ட்" என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுப்பான். அவன் ஏன் திரும்பி வரப்போகிறான்?

அதே தேக்கடியில் இன்னொன்றும் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களை வழக்குப் போட்டு ஒழிப்பதற்குப் பதிலாக, காவலுக்கும் வழிகாட்டுவதற்கும் கூட்டிக்கொண்டார்கள். மன்னான், பளியர் மக்களும் வழிகாட்டிகளானார்கள். சின்னச் சின்னக் குழுவாக நடத்திக் கூட்டிப்போகிறார்கள். ஓய்வு பெற்ற வருடம் நானும் ஒரு நடைக்குப் போனேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலுக்கு உறை கட்டிவிட்டார்கள். எங்களைக் கூட்டிப்போனவர் பழைய பட்டைக்காரர். ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் கண்ணைத்தான் துழாவினோம்.

"பாக்காதீங்க சார், மோந்து பாருங்க" என்றார்.

பச்சைச் சாணமும் புளித்த புல்லும் கலந்த மாதிரி ஒரு வாடை. "கொஞ்சம் முன்னாடிதான் ஆனை போயிருக்கு" என்றார். அன்றைக்கு நாங்கள் யானையைப் பார்க்கவே இல்லை. ஆனால் என்னோடு வந்த நண்பர்கள் நாலு பேரும் அந்த யானையைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசுகிறோம். அந்த நடைக்கு நான் அப்புறம் மூன்று தடவை போய்விட்டேன். படகில் ஏறியது ஒரே ஒரு தடவைதான்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஆபீஸ் நண்பர்களோடு மேகமலைக்குப் போனபோது, பெரிய டேப் ரெக்கார்டரையும் ஒரு டஜன் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். போனதிலிருந்து இறங்குகிற வரை பாட்டு. இப்போது யோசித்தால் என்னென்ன பாட்டு போட்டோம் என்று வரிசையாகச் சொல்ல முடிகிறது. அந்தக் காட்டில் என்ன சத்தம் கேட்டது என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் மேகமலைக்குப் போகவே இல்லை என்றுதான் கணக்கு. அப்போது டேப் ரெக்கார்டர் ஊருக்கு ஒன்று இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

என் அக்கா கூடலூரில் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கண்ணில் நீர் அழுத்தம் கூடி, பத்து வருடமாகப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வெளிச்சம், நிழல் அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் ஆடி அமாவாசைக்குச் சுருளிக்குக் கூட்டிப்போகாவிட்டால் என்னோடு பேச மாட்டார். மாமா காலமான பிறகு திதி கொடுப்பதற்காக ஆரம்பித்த பழக்கம். அப்புறம் திதி ஒரு சாக்காகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கி மரத்தடி வழியாக நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப மருத மரம் வந்துருச்சு", "இப்ப குரங்கு இருக்கு, வாடை வருது", "தண்ணி இந்த வருசம் கம்மிடா, சத்தம் மெலிசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். கண் இருக்கிற எனக்கு அவர்தான் அருவியைக் காட்டுவார். திரும்பத் திரும்ப வருகிற விருந்தாளி என்று சுற்றுலாக்காரர்கள் தேடுகிறார்களே, அப்படி ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் என் அக்காவைத்தான் காட்டுவேன்.

இந்த ஆடி அமாவாசைக்கும் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு வாலிபக் கூட்டம், தோளில் ஸ்பீக்கர். பின்னால் இன்னொரு கூட்டம், வேறு பாட்டு. நடுவில் கடைப் பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் சத்தமும், நாள்பட்ட எண்ணெயில் பஜ்ஜி பொரிகிற வாடையும். அக்கா வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத மரம் தாண்டிப் போனது. அவருக்குத் தெரியவில்லை. அருவிக்குப் பக்கத்தில் வந்தபிறகு என் தோளை அழுத்திப் பிடித்து, "எங்கடா கூட்டிட்டு வந்துருக்க? பஸ் ஸ்டாண்டுக்கா?" என்று கேட்டார். குளித்தோம், திதி கொடுத்தோம். வண்டியில் ஏறும்போது, "அடுத்த வருசம் வேண்டாம்டா, ஆத்தங்கரையிலயே குடுத்துக்கலாம்" என்றார்.

பேரன் ‘பாத்தாச்சு’ என்று வர மறுத்தது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பார்வையே இல்லாமல் வருடா வருடம் வந்தவர் ‘வேண்டாம்டா’ என்றதுதான் வலித்தது.

மறுப்புச் சொல்கிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பழைய காலத்து ஆள், எல்லாம் அப்போ நல்லா இருந்தது என்பீர்கள்." இல்லை. அப்போது அந்தக் காட்டில் மரம் திருடினார்கள், மான் அடித்தார்கள். அதையெல்லாம் நிறுத்தியது இந்தக் காலத்து வனத்துறைதான். 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது இந்தக் காலத்தில்தான். நான் பழசைக் கேட்கவில்லை. காப்பாற்றி வைத்திருக்கும் காட்டை முழுசாக அனுபவிக்க விடுங்கள் என்று கேட்கிறேன்.

"ஜீப்காரனும் கடைக்காரனும் பிழைக்க வேண்டாமா?" கட்டாயம் பிழைக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு தடவை மட்டும் வருகிறவனை நம்பிப் பிழைப்பு நடத்துவது, வருடா வருடம் புது மாப்பிள்ளை தேடுகிற மாதிரி. லீவு நாளில் வந்து குவிவான், மற்ற நாளில் கடை ஈ ஓட்டும். திரும்பத் திரும்ப வருகிறவன் மழையிலும் வருவான், சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் வருவான். உங்கள் கடைப் பேரைச் சொல்லிக் கேட்டு வருவான்.

"திரும்பத் திரும்ப வந்தால் காடு தாங்குமா?" நல்ல கேள்வி. நான் கூட்டத்தைக் கூட்டச் சொல்லவில்லை. சத்தமாக வருகிற நூறு பேரைவிட, சத்தமில்லாமல் வருகிற இருபது பேர் காட்டுக்கும் சுமை இல்லை, நமக்கும் நஷ்டம் இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் உண்டு. அந்த மரியாதையில் பாதியையாவது அருவி வழிக்குக் கொடுங்கள். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகிற மாதிரி ஸ்பீக்கரையும் தேடி வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுங்கள். ஜெனரேட்டரையும் எண்ணெய்ச் சட்டியையும் வண்டி நிறுத்துமிடத்தோடு நிறுத்துங்கள். படகு ஏரி நடுவில் போனதும் பத்து நிமிடம் என்ஜினை அணைத்து, பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பளியர் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலை கொடுங்கள். அவர்கள் மூக்குக்கும் காதுக்கும் தெரிந்தது எந்தப் போர்டிலும் எழுதியிருக்காது. கண்ணாடிப் பாலத்துக்கு ஆகிற செலவில் ஒரு துண்டு போதும் இதற்கெல்லாம்.

அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிடுவார்கள், நாற்காலி நிரப்ப ஆள் வேண்டுமே. இந்த முறை டீ வருவதற்கு முன்னாலேயே எழுந்து பேசிவிடுவதாக இருக்கிறேன். இதைப் படிக்கிற கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் நாலு பேர் கூட வந்தால் தெம்பாக இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூட்டம் இல்லாத ஒரு வாரநாள் காலையில், செக்போஸ்ட் திறந்ததும் முதல் ஆளாக அக்காவைச் சுருளிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. "ஸ்பீக்கர் இருக்காதுல்ல?" என்று கேட்டார். இருக்காது அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.